4.45-க்கு அடுப்பு, 5.30-க்கு கம்பெனி பஸ்... நடுவில் ஒரு கிண்ணம் தினைக் கிச்சடி!

அதிகாலை 4.45 மணி. மறைமலை நகரில் இன்னும் விடியவில்லை. ஆனால், பல வீடுகளில் சமையலறை விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. முதல் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர் குளியலறையில். அடுப்பில் பால். தெருமுனைக்கு கம்பெனி பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம்தான். அதற்குள் டிபன் ஆகுமா?

ஆகாத நாள்களில் என்ன நடக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஒரு டம்ளர் டீ, இரண்டு பிஸ்கட். பஸ்ஸில் ஏறி ஒரு குட்டித் தூக்கம். பிறகு மெஷின் முன்னால் மணிக்கணக்கில் நிற்க வேண்டியதுதான். ஒன்பது, பத்து மணி வாக்கில் பிரேக் வரும்போது பசி கண்ணை மறைக்கும். கையில் கிடைப்பது போண்டாவோ, பரோட்டாவோ, பப்ஸோ... உள்ளே போய்விடும்.

ஜி.எஸ்.டி. சாலையில் இருந்து சிங்கப்பெருமாள் கோயிலில் திரும்பி, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை நீள்கிற தொழிற்சாலைப் பாதையில் தினமும் நடக்கிற கதை இது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிஸான் என ஆலைகள் வரிசையாக வந்தன. ஆலைகளோடு ஷிஃப்ட் வந்தது. ஷிஃப்ட்டோடு வீட்டுக் கடிகாரமும் மாறியது. இட்லிக்கு ஊற வைத்து, அரைத்து, பொங்க வைத்து, காலையில் நிதானமாக அவித்தெடுக்க, பல வீடுகளில் நேரம் கிடைப்பதில்லை.

ஆனால், காலையில் வயிறு நிறையச் சாப்பிட இட்லி, தோசைதான் வேண்டும் என்று யார் சொன்னது? ஒரு கைப்பிடி சிறுதானியம், அரைக் கைப்பிடி பருப்பு, வீட்டில் இருக்கிற காய்... 20 நிமிடங்களில் முடிந்துவிடும்.

நம் ஊருக்குப் புதிது அல்ல

தானியத்தை உப்புப் போட்டுக் கஞ்சியாகவோ கூழாகவோ காலையில் குடிப்பது இந்த மண்ணின் பழைய பழக்கம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த செங்கல்பட்டுச் சீமையில், வயலுக்குப் போகிறவர்கள் பழைய சோற்றையோ, கேழ்வரகுக் கூழையோ குடித்துவிட்டுத்தான் இறங்கினார்கள். ஆடி மாதம் அம்மன் கோயில்களில் ஊற்றுவதும் அதே கூழ்தான். வெயில் காலத்தில் சாலையோரத் தள்ளுவண்டிகளில் மண்பானையில் இருப்பதும் அதுதான். தினையோ அதைவிடப் பழையது. வள்ளி காத்தது தினைப்புனம் என்பது நமக்குச் சின்ன வயதுக் கதை.

உலகத்திலும் இதற்கு உறவினர்கள் உண்டு. சீனாவில் அரிசியைக் குழைய வேகவைத்து, உப்பும் இஞ்சியும் சேர்த்துக் காலையில் சாப்பிடுகிறார்கள். கொரியாவில் அதன் பெயர் ஜுக். ஜப்பானில் ஒகாயு. இலங்கையில் பச்சை இலைகளை அரைத்துச் சேர்த்த கொலக் கந்த என்ற கஞ்சி காலை உணவு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்கு வந்திருக்கிற கொரியக்காரருக்கும், நம் ஊர்ப் பாட்டிக்கும் காலைக் கஞ்சி பற்றிப் பேச நிறைய விஷயம் இருக்கும்.

பள்ளிக்கூடம் சொல்லித் தரும் கணக்கு

வெறும் தானியம் மட்டும் போதுமா? போதாது. இதற்கு நல்ல உதாரணம் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்றாகக் கொடுக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு ரவையோ, அரிசியோ, சேமியாவோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம், கூடவே உள்ளூரில் கிடைக்கிற காய்கறி என்பதுதான் அளவு.

தானியம், பருப்பு, காய்கறி. இந்த மூன்றும் ஒரே தட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கின் சாரம். தானியம் சக்தி கொடுக்கும். பருப்பு புரதம் கொடுக்கும். காய் நார்ச்சத்தும் வைட்டமினும் கொடுக்கும். தானியப் புரதத்தில் குறைவாக இருக்கிற லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய உண்டு. அதனால்தான் பொங்கலும், இட்லி சாம்பாரும், கிச்சடியும் இத்தனை தலைமுறையாக நிலைத்திருக்கின்றன.

வெறும் ரவை உப்புமா சாப்பிட்டால் சீக்கிரமே பசிப்பதற்கும், பருப்பும் காயும் சேர்ந்த கிச்சடி கூடுதல் நேரம் தாங்குவதற்கும் காரணம் இந்தச் சேர்க்கைதான்.

தினைக் கிச்சடி: இரவு 5 நிமிடம், காலை 20 நிமிடம்

மூன்று பெரியவர்களுக்கான அளவு இது. 200 மில்லி டம்ளரை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

தேவையானவை: தினை - 1 டம்ளர், பாசிப்பருப்பு - அரை டம்ளர், பெரிய வெங்காயம் - 1, தக்காளி - 1, கேரட், பீன்ஸ், பட்டாணி எல்லாம் சேர்த்து நறுக்கியது - 1 டம்ளர், பச்சை மிளகாய் - 2, இஞ்சி - ஒரு சிறு துண்டு, மிளகு, சீரகம் - தலா ஒரு டீஸ்பூன், மஞ்சள்தூள் - கால் டீஸ்பூன், கறிவேப்பிலை, கொத்தமல்லி - சிறிது, எண்ணெய் - 4 டீஸ்பூன், உப்பு - தேவைக்கு, எலுமிச்சைப் பழம் - பாதி.

முந்தைய இரவு: தினையையும் பாசிப்பருப்பையும் இரண்டு, மூன்று தண்ணீரில் கழுவி, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே வைத்தால் கோடையில் புளித்துவிடும். காய்களை நறுக்கி மூடிபோட்ட டப்பாவில் போட்டு அதையும் உள்ளே வையுங்கள். காலையின் பாதி வேலை இங்கேயே முடிந்துவிட்டது.

காலை: குக்கரில் எண்ணெய் காய்ந்ததும் மிளகு, சீரகம், கறிவேப்பிலை தாளியுங்கள். இஞ்சி, பச்சை மிளகாய், வெங்காயம் போட்டு இரண்டு நிமிடம் வதக்குங்கள். தக்காளியும் காய்களும் சேர்த்து ஒரு கிளறு. ஊறிய தண்ணீரை வடித்துவிட்டு தினையையும் பருப்பையும் போடுங்கள். மஞ்சள்தூள், உப்பு சேர்த்து 4 டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். பக்கத்து அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றினால் இன்னும் இரண்டு, மூன்று நிமிடம் மிச்சம். மிதமான தீயில் மூன்று விசில். அணைத்துவிட்டு, பிரஷர் தானாக அடங்கும் வரை விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகளை எழுப்பலாம், மதிய டப்பா கட்டலாம்.

திறந்ததும் நன்றாகக் கிளறி, கொத்தமல்லி தூவி, எலுமிச்சை பிழியுங்கள். பொங்கலுக்கும் ரவா கிச்சடிக்கும் நடுவில் ஒரு பக்குவம் வரும். ஒரு ஆளுக்கு ஏறத்தாழ 13 கிராம் புரதம் இதில் கிடைக்கும். கூட ஒரு அவித்த முட்டை வைத்தால் இன்னும் 6 கிராம்.

கவனிக்க: சிறுதானியம் ஆற ஆற இறுகும். சுடச் சுடச் சாப்பிடுவதற்கு 4 டம்ளர் தண்ணீர் போதும். டப்பாவில் கட்டிக்கொண்டு போய் பிரேக்கில் சாப்பிடுபவருக்கு, கால் டம்ளர் வெந்நீர் கூடுதலாக விட்டுத் தளரக் கிளறிக் கட்டுங்கள். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி வேண்டாம். வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். வேர்க்கடலைப் பொடியோ, கொஞ்சம் ஊறுகாயோ போதும்.

பட்ஜெட் இடிக்கிறதா?

ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறபோது, கடையில் காசு கொடுத்து தினை வாங்க வேண்டுமா என்று கேட்பது நியாயமான கேள்வி. மாதக் கணக்குப் பார்க்கிற வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

முழுக்க மாற வேண்டிய அவசியமே இல்லை. பாதி அரிசி, பாதி தினை போட்டாலும் கிச்சடி நன்றாகவே வரும். முதன்முதலில் சிறுதானியம் சாப்பிடும் பிள்ளைகளுக்கும் இந்தப் பாதிக்குப் பாதிதான் நல்லது. ருசி பழகிய பிறகு அளவைக் கூட்டிக்கொள்ளலாம். தினை வாங்க முடியாத மாதத்தில் கோதுமை ரவையிலும் இதே செய்முறை பொருந்தும். கோதுமை ரவையை ஊற வைக்க வேண்டாம். லேசாக வறுத்துப் போட்டால் போதும்.

எதைக் குறைத்தாலும் பருப்பைக் குறைக்காதீர்கள். ஒரு பங்கு தானியத்துக்கு அரைப் பங்கு பருப்பு என்பதுதான் இந்த டிபனின் உயிர்.

கடையில் வாங்கும்போது...

ஐ.நா. சபை 2023-ஆம் ஆண்டை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதற்குப் பிறகு சூப்பர் மார்க்கெட் அலமாரிகளில் சிறுதானியப் பாக்கெட்டுகளுக்குக் குறைவே இல்லை. ஆனால், எல்லாம் ஒன்று அல்ல.

சிறுதானியத்தின் உமியை நீக்கியே ஆக வேண்டும். அதற்கு மேலும் தீட்டினால் தவிடு போய்விடும். நார்ச்சத்தும் தாது உப்புகளும் அதிகம் இருப்பது அந்தத் தவிட்டில்தான். சாமையும் வரகும் பால் போல வெள்ளையாக, பளபளவென்று இருந்தால் அது நன்றாகத் தீட்டப்பட்டது. லேசான பழுப்பும் மங்கலுமாக இருப்பதை வாங்குங்கள். தினை என்றால் நல்ல மஞ்சள் நிறம் இருக்க வேண்டும். தவிடு உள்ள தானியம் நீண்ட நாள் தாங்காது. அதனால் அரைக் கிலோவாக வாங்கி, சீக்கிரம் தீர்த்துவிடுவது நல்லது.

'இன்ஸ்டன்ட்' என்று எழுதிய மசாலா பாக்கெட்டுகளைப் பொறுத்தவரை, முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சோடியம் கணக்கில் அது சுமார் 2,000 மில்லி கிராம். காலை ஒரு வேளைக்கே ஒரு பாக்கெட்டில் எவ்வளவு போகிறது என்று அப்போது புரியும்.

ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு

திருவண்ணாமலை, விழுப்புரம், தென் மாவட்டங்கள் என எங்கெங்கிருந்தோ வந்து, இந்தப் பாதையில் அறை எடுத்தும் ஹாஸ்டலிலும் தங்கியிருக்கும் இளைஞர்களும் பெண்களும் ஏராளம். இவர்களில் பலருக்குக் குக்கரும் இல்லை, அடுப்பும் இல்லை. அதற்கும் வழி உண்டு.

அடுப்பே வேண்டாம்: சிவப்பு அவல் ஒரு டம்ளர். கெட்டி அவல் என்றால் கழுவி, மூழ்கத் தண்ணீர் விட்டு 15 நிமிடம் ஊற வைத்துப் பிழிந்தெடுங்கள். மெல்லிய அவலுக்குத் தண்ணீர் தெளித்தாலே போதும். உப்பு, பொடியாக நறுக்கிய வெங்காயம், துருவிய கேரட், ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, எலுமிச்சைச் சாறு. கலந்தால் எலுமிச்சை அவல் தயார். குளித்துவிட்டு வருவதற்குள் ஊறிவிடும்.

ரைஸ் குக்கர் இருந்தால்: ஊருக்குப் போகும்போது பாசிப்பருப்பை வாசம் வர வறுத்து, ரவை போலப் பொடித்துக்கொண்டு வாருங்கள். ஒன்றரை டம்ளர் தண்ணீரில் மிளகுத்தூள், சீரகம், உப்போடு இந்தப் பருப்பு ரவை இரண்டு டேபிள்ஸ்பூன் போட்டுக் கொதிக்க விடுங்கள். ஏழெட்டு நிமிடம் கழித்து அரை டம்ளர் ஓட்ஸ் சேர்த்து, வெந்ததும் இறக்கினால் மிளகுப் பொங்கல் வாசனையில் ஓட்ஸ் கிடைக்கும். ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து, கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1997-லேயே இதை ஏற்றுக்கொண்டது.

ஒரு எச்சரிக்கை: தண்ணீர் சுட வைக்கும் மின்சார கெட்டிலில் சமைக்காதீர்கள். பொங்கி வழிந்தால் ஷாக் அடிக்கும் ஆபத்து உண்டு. அறையில் சமைக்க அனுமதி இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நைட் ஷிஃப்ட் முடிந்து வருபவருக்கு?

ஊர் டிபன் சாப்பிடும் நேரத்தில் இவர் தூங்கப் போகிறார். வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்தால் நெஞ்செரிச்சல் வரும். பட்டினியாகப் படுத்தால் பாதித் தூக்கத்தில் பசி எழுப்பும். இவருக்குக் கூழ்தான் சரி.

முந்தைய மாலையே நான்கு டேபிள்ஸ்பூன் கேழ்வரகு மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து மூடி வையுங்கள். காலையில் லேசாகப் புளித்திருக்கும். கைப்பிடி அரிசி நொய்யை மூன்று டம்ளர் தண்ணீரில் வேகவைத்து, கரைசலை ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளறுங்கள். பச்சை வாசனை போய், கையை நனைத்துத் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் இறக்குங்கள். ஆறியதும் மோர், உப்பு, நறுக்கிய சின்ன வெங்காயம் சேர்த்துக் கரைத்தால் இரண்டு பேருக்குக் கூழ்.

100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லி கிராம் கால்சியம் இருக்கிறது. நாம் உண்ணும் தானியங்களில் இது மிக அதிகம். மாவைப் புளிக்க வைப்பதிலும் அர்த்தம் உண்டு. இரும்பையும் கால்சியத்தையும் உடலில் சேரவிடாமல் தடுக்கும் ஃபைடேட் என்ற பொருள் புளிக்கும்போது குறைகிறது.

டீ கொஞ்சம் காத்திருக்கட்டும்

டிபனோடு டீ குடிக்கும் பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ள முடிந்தால் பெரிய லாபம். டீயிலும் காபியிலும் உள்ள டானின், தானியத்திலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள விடாது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காபி வேண்டாம் என்பது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல். மாறாக, எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி இரும்பைச் சேர்க்க உதவும். கிச்சடியில் கடைசியாக எலுமிச்சை பிழியச் சொன்னது ருசிக்கு மட்டும் அல்ல. ரத்தசோகை உள்ள பெண்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

'சிறுதானியம் சாப்பிட்டால் சுகர் போய்விடுமா?'

போகாது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இந்தியாப் ஆய்வு சொன்னது. சிறுதானியத்திலும் முக்கால் பங்குக்கு அருகில் மாவுச்சத்துதான். தவிடு நீக்காத தானியம், பருப்பும் காயும் சேர்ந்து, அளவாகச் சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாக ஏறும். அவ்வளவுதான். தினை என்பதற்காக இரண்டு தட்டுச் சாப்பிட்டால் பலன் இல்லை.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் பஸ் ஏறுவது ஆபத்து. மருந்து வேலை செய்யும். வயிற்றில் ஒன்றும் இருக்காது. சர்க்கரை சட்டென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றும். ஓடுகிற மெஷின் முன்னால் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஷிஃப்ட் வாரத்துக்கு வாரம் மாறுகிறவர்கள், எந்த ஷிஃப்ட்டில் எந்த நேரம் மருந்து எடுக்க வேண்டும் என்பதை டாக்டரிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். தைராய்டு பிரச்னை உள்ளவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் தினசரி சிறுதானியத்துக்கு மாறும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

யார் எழுந்து செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்த டிபன் கட்டுரையும் முடியக் கூடாது. 5.30 பஸ்ஸுக்குக் கணவர் போக வேண்டும் என்பதற்காக 4.30-க்கு எழுகிற பெண், பல வீடுகளில் எட்டு மணிக்குத் தானும் வேலைக்குக் கிளம்புகிறவர். அவர் சாப்பிட்டாரா என்று கேட்க ஆள் இருப்பதில்லை. மீந்ததை நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டு, மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுவார்.

தினையைக் கழுவி ஊற வைக்க ஐந்து நிமிடம்தான். அதை இரவுச் செய்திகள் பார்க்கும்போது வீட்டில் யார் வேண்டுமானாலும் செய்யலாம். காய் நறுக்குவது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கஷ்டமான வேலை அல்ல. குக்கரில் மூன்று விசில் எண்ணத் தெரிந்த எவரும் காலை வேலையைப் பார்த்துக்கொள்ளலாம். வேலையைப் பங்கு போட்டால், 4.45-க்கு எழ வேண்டிய நாள்களிலும் அம்மாவுக்குக் கால் மணி நேரத் தூக்கம் கூடுதலாகக் கிடைக்கும்.

இன்று இரவு படுக்கப் போகும் முன், ஒரு டம்ளர் தினையும் அரை டம்ளர் பருப்பும் ஊற வைத்துப் பாருங்கள். நாளைக் காலை கிண்ணங்களில் போடும்போது, செய்தவருக்கும் சேர்த்து ஒரு கிண்ணம் முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். பஸ் வருவதற்குள் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட ஐந்து நிமிடம் இருக்கும்.